ஜப்பான் மீனும் ஜிலேபியும்

சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கக் கரையில் சாம்பல் நிறத் தட்டை மீன் ஒன்று தூண்டிலில் துள்ளினால், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் 'ஜிலேபி' என்பார். பழைய தலைமுறை மலாய்க்காரர் 'ஈக்கான் ஜெப்புன்' என்பார்; அதாவது ஜப்பான் மீன். இரண்டும் திலாப்பியாதான்.

அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1939இல் ஜாவாவில் தென்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தது. கொண்டுவந்தவர்கள் போன பிறகும் அவர்கள் பெயர் மீனோடு ஒட்டிக்கொண்டது. இந்தியக் குளங்களை அது எட்டியது 1952இல். தித்திப்பே இல்லாத மீனுக்கு ஜிலேபி என்று பெயர் வைத்த குறும்பு நம்முடையது.

இதேபோல் தேக்கா சந்தையில் தமிழர் விரால் என்பதை மலாய்க்காரர் 'ஹாருவான்' என்பார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கு அதில் சூப் வைத்துக் கொடுப்பது சீன, மலாய் வீடுகளில் வழக்கம். அதன் முரட்டுப் பங்காளி 'தோமான்'. ஒரு மீட்டர் வரை வளரும், குஞ்சுகளைக் காவல் காக்கும், நெருங்கினால் பாயும். தூண்டில்காரர்கள் அந்தப் பெயரை ஒருவித மரியாதையோடுதான் உச்சரிக்கிறார்கள்.

ஆனால் பெயரில் கதையே வைத்திருப்பது பனையேறிக் கெண்டை. மலாயில் வெறும் 'புயு'. தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது பிடித்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதியது 1797இல் அச்சேறியது. மரமேறுவது சந்தேகம்தான். ஈரத் தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி நகரும், காற்றையும் சுவாசிக்கும் என்பது உண்மை.

இவற்றைப் பிடிக்க ஆசைப்படுபவர்கள் மண்புழுவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நீர்த்தேக்கங்களில் அனுமதித்த இடங்களில் மட்டுமே தூண்டில் போடலாம். அதுவும் செயற்கை இரையோடு.