காட்டாமல் விட்டது

2001 ஜூன் 30, பொழுது விடிவதற்கு முன்பு, சென்னையில் தி.மு.க. தலைவர் மு. கருணாநிதி இருந்த வீட்டுக்குள் போலீஸ் நுழைந்தது. மேம்பாலங்கள் கட்டியதில் முறைகேடு என்று வழக்கு. முதல்வர் பதவியிலிருந்து இறங்கி அவருக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வயது 77. தி.மு.க. சார்பு சன் டிவியின் கேமரா அங்கே இருந்தது. போலீஸார் அவரைப் பிடித்து இழுப்பதும் அவர் அலறுவதும் அன்று பகல் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடின. மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் அதே நாளில் கைதானார்கள். பிறகு போலீஸ் தரப்பு எடுத்த காட்சிகள் ஆளும் அ.தி.மு.க.வின் ஜெயா டிவியில் வந்தன. அதில் தள்ளுமுள்ளின் மறுபக்கம் இருந்தது. தள்ளப்படுகிறவர்கள் போலீஸாராக இருந்தார்கள்.

வீடு ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். ஒரு சேனலை மட்டும் பார்த்தவர்களுக்குப் பாதிதான் கிடைத்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர்களால் நடந்ததை ஓரளவு சேர்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது. தமிழ்நாட்டின் கட்சி சேனல்களைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்த இரவிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். அந்த வழக்கத்தின் பலமும் பழுதும் அன்று சேர்ந்தே வெளிப்பட்டன.

பலத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்கிறவர்கள் குறைவு. சன் டிவியின் கேமரா அங்கே இல்லாமல் போயிருந்தால் அந்தக் கைது காவல்துறையின் பத்திரிகைக் குறிப்பாக மட்டுமே மிஞ்சியிருக்கும். காட்சிகள் நாடெங்கும் எழுப்பிய கொந்தளிப்பில்தான் மத்தியில் இருந்த வாஜ்பாய் அரசு தமிழக ஆளுநர் பாத்திமா பீவியைத் திரும்பப்பெற முடிவெடுத்தது. அவர் பதவி விலகினார். ஆளும் அரசுக்குப் பகையான ஒரு கேமரா இருந்ததால் வந்த விளைவு இது. சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15, நெருக்கடி நிலைக் காலம். அதற்குப் பிறகு ஏறத்தாழ 18 ஆண்டுகள் தமிழ்நாட்டு வீடுகளில் அரசின் குரல் ஒன்றுதான் செய்தியாகக் கேட்டது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தபோது அந்த ஒற்றைக் குரல் உடைந்தது. அதை உடைத்தது தி.மு.க. குடும்பம் என்பதால் உடைந்தது என்ற உண்மை சிறுத்துவிடாது.

கட்சி சொல்வதைச் செய்தியாக வாசிப்பதும் நமக்குப் புதிதல்ல. விடுதலை, திராவிட நாடு, முரசொலி, ஜனசக்தி, தீக்கதிர், நமது எம்.ஜி.ஆர். என்று கட்சிக்கொரு ஏடு வைத்து வளர்ந்த அரசியல் இது. டீக்கடை பெஞ்சில் அவற்றைப் புரட்டியவர்களுக்கு எந்தத் தாள் யாருடையது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் பழக்கம் அப்படியே தொலைக்காட்சிக்கு வந்தது. சன் டிவி பல ஆண்டுகள் தி.மு.க. தலைமையகமான அண்ணா அறிவாலயத்திலிருந்தே இயங்கியது. ஜெயா டிவி 1999இல் வந்தது. மக்கள் தொலைக்காட்சி 2006, கலைஞர் டிவி 2007, கேப்டன் டிவி 2010. ஜெயலலிதா மறைந்து, ஜெயா டிவி அவருடைய தோழி சசிகலாவின் குடும்பத்தின் வசம் நின்றுவிட்டதும், ஆட்சியிலிருந்த அ.தி.மு.க. 2018இல் நியூஸ் ஜெ தொடங்கியது. சேனலின் பெயரைப் பார்த்தாலே கட்சி தெரிந்துவிடும். சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்த பார்வையாளர் தன் பங்குக்குக் கழித்துக்கொண்டு கேட்கிறார்.

சிறிய கட்சிகளின் சேனல்கள் இதைவிட மேலான ஒரு வேலையும் செய்திருக்கின்றன. பா.ம.க. சார்பு மக்கள் தொலைக்காட்சி சினிமாவை விலக்கிவைத்து, உழவுக்கும் நல்ல தமிழுக்கும் நேரம் ஒதுக்கியது. விளம்பர வருமானத்தை மட்டும் நம்பிய எந்த நிறுவனமும் அதற்குத் துணிந்திருக்காது. விடுதலைச் சிறுத்தைகளின் வெளிச்சம் தொலைக்காட்சி இல்லையென்றால் சேரிகளில் நடக்கும் பல கொடுமைகளுக்குக் கேமரா போகவே போயிருக்காது. இவை நடுநிலையாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. யாருமே பேசாத பக்கத்தைப் பேச வந்தவர்களிடம் இரு பக்கமும் பேசு என்று சொல்வது நியாயமாகாது.

இனி பழுது. பொதுக்கூட்டச் செய்தியிலேயே அது தொடங்கிவிடுகிறது. சொந்தக் கட்சியின் கூட்டம் என்றால் கேமரா கிரேனில் ஏறி, தலைகள் கடலாகத் தெரியும்வரை மேலே போகும். எதிர்க்கட்சிக் கூட்டம் என்றால் அதே கேமரா ஓரத்தில் நின்று, ஆள் வராத கடைசி வரிசை நாற்காலிகளையும், வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுந்து போகும் இரண்டு பெண்களையும் பிடிக்கும். இரண்டும் பொய்க் காட்சி இல்லை. இரண்டும் அதே மைதானத்தில் எடுத்தவைதான். பார்வையாளர் இதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் இந்த வகைச் சாய்வை நான் பெரிய ஆபத்தாகக் கருதவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் இதை விளக்கிவிடுவார்கள்.

கண்டுபிடிக்க முடியாதது, திரைக்கு வராமலே போவது. மாவட்டச் செய்தியாளர் ஒருவரின் வேலையை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லாத ஸ்ட்ரிங்கர். ஒளிபரப்பான செய்திக்குத்தான் காசு. குடிநீர் கேட்டுக் காலிக்குடங்களோடு சாலையில் உட்கார்ந்த பெண்களை அவர் படமெடுக்கிறார், இரண்டு பேரிடம் சிறு பேட்டி வாங்குகிறார், சென்னைக்கு அனுப்புகிறார். எதிர்க்கட்சி ஆட்சியில் அது மதியச் செய்தியில் இரண்டாவது இடத்தில் வரும். சொந்தக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதே சாலை, அதே குடங்கள், அதே பெண்கள், செய்தி வராது. இரண்டு மூன்று முறை அனுப்பி வராமல் போனபின் அவர் அனுப்புவதையே நிறுத்திவிடுகிறார். மேலிடத்திலிருந்து யாரும் போன் செய்து தடுக்க வேண்டியதில்லை. தணிக்கை அவருடைய பெட்ரோல் செலவிலேயே நடந்துமுடிந்துவிடுகிறது. குடிநீர்ப் பிரச்சினை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தீர்ந்துவிட்டதாகவும் அடுத்த ஐந்தாண்டில் மறுபடி முளைத்ததாகவும் அந்தச் சேனலின் பார்வையாளருக்குத் தோன்றும். அவர் பார்த்த எந்தச் செய்தியிலும் ஒரு பொய்யும் இருந்திருக்காது.

இன்னொரு சேனல் அதைக் காட்டும் அல்லவா என்று கேட்கலாம். 2001இன் நியாயம் அதுதான்: ஒருவர் மறைப்பதை மற்றவர் காட்டுவார். பல விஷயங்களில் இது நடக்கவும் செய்கிறது. ஆனால் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் சேர்ந்தே சங்கடமான விஷயங்கள் இருக்கின்றன. அரசு நிறுவனமான டாஸ்மாக் மதுவின் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது 2003இல், ஜெயலலிதா ஆட்சியில். அடுத்து வந்த தி.மு.க. ஆட்சி அதை அப்படியே தொடர்ந்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது மதுவின் கொடுமை பற்றி ஒரு குரல்; ஆட்சிக்கு வந்தபின் மௌனம். இரண்டு சேனல்களும் முறைவைத்து மௌனம் காத்தன. ஆதிக்க சாதிகளின் வாக்கு இரண்டு பக்கத்துக்கும் வேண்டியிருக்கும் வட்டாரங்களில் சாதி ஆணவக் கொலைகளுக்கும் இதே கதிதான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சாதி மாறி மணந்த இளைஞர் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டது எல்லாச் சேனல்களிலும் வந்தது. சிசிடிவி பதிவு இருந்ததால் அதை யாராலும் ஒதுக்க முடியவில்லை. பதிவு இல்லாத கொலைகள் எத்தனை நொடிச் செய்திகளாக முடிந்தன என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது.

கட்சிச் சார்பு என்று நாம் சொல்வது பல நேரம் கொள்கைச் சார்புகூட இல்லை. 2007 மே 9 அன்று, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று சன் குழும நாளிதழான தினகரன் வெளியிட்ட கருத்துக்கணிப்பை எதிர்த்து மதுரையில் அதன் அலுவலகம் தாக்கப்பட்டது. தீயில் ஊழியர்கள் மூன்று பேர் இறந்தார்கள். சன் குழுமத்தை நடத்திய, கருணாநிதியின் உறவினர்களான மாறன் சகோதரர்களுக்கும் கட்சித் தலைமைக்கும் உறவு முறிந்தது. அதுவரை தி.மு.க.வின் குரலாக இருந்த சன் செய்திகள் சட்டென்று திரும்பின. நான்கே மாதத்தில் கலைஞர் டிவி பிறந்தது. 2008 டிசம்பரில் குடும்பம் மீண்டும் இணைந்தது. திரையில் கோபமும் ஆறியது. 2009இல் அந்தத் தாக்குதல் வழக்கில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தீர்ப்பை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2019இல்தான். சொந்த நிறுவனத்தில் வேலை பார்த்து இறந்துபோன மூவருக்காகக்கூட ஒரு செய்திக் குழுமம் விடாமல் பேச முடியவில்லை என்றால், மற்றவர்களுக்கு அது என்ன உறுதி தர முடியும்? கட்சிக் கொள்கையின் சேனல் என்று இருந்தால் வாதாடலாம், மறுக்கலாம். குடும்பத்தின் மனநிலையோடு மாறும் செய்தியோடு எப்படி வாதாடுவது?

சாய்வைச் செய்தி அறையில் மட்டும் தேடினால் அதில் பாதிதான் அகப்படும். மீதி கேபிள் ஒயரில் இருக்கிறது. அனலாக் காலத்தில் எந்தச் சேனல் எந்த இடத்தில் வருகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. முன்வரிசை எண்ணில் வந்தால் பளிச்சென்று தெரியும். கடைசிக்குத் தள்ளப்பட்டால் புள்ளி புள்ளியாக ஓடும், பழைய பெட்டிகளில் வரவே வராது. சென்னையில் சுமங்கலி கேபிள் விஷன் சன் குழுமத்தின் கையில் இருந்ததால் போட்டிச் சேனல்கள் நெடுங்காலம் இந்தப் புகாரைச் சொல்லிவந்தன. மாறன்களோடு பிணக்கு ஏற்பட்ட 2007இல் தி.மு.க. அரசே அரசு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கியது. பிணக்கு தீர்ந்ததும் அது படுத்துவிட்டது. 2011இல் ஜெயலலிதா அதை எழுப்பி மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தார். ஏழை வீடுகளுக்கு அது உண்மையான நன்மை. தொடக்கத்தில் சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் அதில் வரவில்லை. ஒயர் தனியார் குடும்பத்திடமிருந்து அரசின் கைக்குப் போனது. அதன் மீதிருந்த அரசியல் பிடி தளரவில்லை. 2018 ஜூனில் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீது வழக்குப் பதிந்தார்கள். அரசு கேபிளில் அதன் இடமும் பின்னுக்குப் போனது.

எனக்கு மிகுந்த கவலை தருவது இந்தச் சம்பவம்தான், ஏனென்றால் புதிய தலைமுறை கட்சி சேனல் அல்ல. 2011இல் அது வந்தபோது, கட்சிக்கு வெளியே நின்று செய்தி சொல்லும் ஒரு சேனலைத் தமிழ்நாடு ஆவலோடு வரவேற்றது. அடுத்தடுத்து தந்தி டிவி, நியூஸ்7 தமிழ், நியூஸ்18 தமிழ்நாடு வந்தன. மாலை விவாதங்களில் எல்லாக் கட்சியினரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அது பெரிய முன்னேற்றம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றின் உரிமையாளர்களுக்கும் அரசிடம் ஆக வேண்டிய காரியங்கள் உண்டு. புதிய தலைமுறைக்குப் பின்னால் இருப்பது எஸ்.ஆர்.எம். கல்விக் குழுமம், அதன் நிறுவனர் பாரிவேந்தர் சொந்தமாகக் கட்சி தொடங்கி 2019இல் தி.மு.க. அணியில் பெரம்பலூரில் வென்றார், 2024இல் பா.ஜ.க. அணியில் நின்றார். நியூஸ்7 தமிழைத் தொடங்கியது கடற்கரைத் தாதுமணல் தொழில் செய்த குடும்பம். அந்தத் தொழிலுக்கு 2013இல் மாநில அரசு தடை போட்டிருந்தது. நியூஸ்18இன் உரிமை ரிலையன்ஸ் வசம். அதன் செய்திக் குழு திராவிட இயக்கச் சார்புடையது என்று யூடியூபில் ஒரு பிரச்சாரம் நடந்த பின், 2020 ஜூலையில் ஆசிரியர் மு. குணசேகரன் விலகினார், பிறகு சன் நியூஸில் சேர்ந்தார். கட்சி சாராத சேனலில் நிற்க இடமில்லாமல் கட்சிச் சார்புள்ள சேனலில் ஒரு பத்திரிகையாளருக்கு இடம் கிடைக்கிறது என்றால், நடுநிலை என்ற பெயர்ப்பலகையை நாம் எவ்வளவு நம்பலாம் என்று கேட்கத்தான் வேண்டும். ஜெயா டிவியைப் பார்க்கும்போது கழித்துக்கொண்டு கேட்ட பார்வையாளர், இங்கே எதைக் கழிப்பது என்று தெரியாமல் முழுவதையும் நம்புகிறார்.

அரசியல் கட்சிகளை ஒளிபரப்பிலிருந்து விலக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008, 2012, 2014 என்று மூன்று முறை பரிந்துரைத்தது. எந்த மத்திய அரசும் அதைச் சட்டமாக்கவில்லை. சட்டமாக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கட்சி சேனலைத் தடை செய்தால் கட்சி போய்விடாது. மைத்துனர் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ வேறொரு சேனல் வரும், அப்போது அது யாருடையது என்பது நமக்குத் தெரியாமலும் போகும். முதலில் இழப்பவர்கள் சன் குழுமத்தினராக இருக்க மாட்டார்கள். வெளிச்சம் போன்றவைதான் முதலில் அணையும்.

செய்ய வேண்டியவை வேறு. ஒவ்வொரு செய்தி அறிக்கையின் தொடக்கத்திலும் உரிமையாளர் யார், அவருக்கு வேறு என்னென்ன தொழில்கள் என்று தமிழில் திரையில் போடச் சட்டம் வர வேண்டும். மணல் பற்றிய செய்தியில் மணல் தொழிலும், கல்விக் கட்டணச் செய்தியில் கல்லூரியும் தெரிந்தாக வேண்டும். கட்சியின் சொந்தச் சேனலில் வேட்பாளருக்குச் செய்யும் பிரச்சாரத்தை அந்தச் சேனலின் விளம்பரக் கட்டணப்படி தேர்தல் செலவில் சேர்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் விதி ஏற்கெனவே இருக்கிறது. அதை இரண்டு மாதத் தேர்தல் காலத்தில் உறுதியாகச் செயல்படுத்தினாலே பாதி நேரம் செய்திக்குத் திரும்பும். ஒளிபரப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட அமைப்பு விதிக்க முடிந்த அதிகபட்ச அபராதம் 2023இல் 1 லட்சம் ரூபாயாக இருந்தது. அது எதையும் தடுக்காது என்று உச்ச நீதிமன்றமே அந்த ஆண்டு சுட்டிக்காட்டியது. எல்லாவற்றுக்கும் முன்பாக, எந்தச் சேனல் எந்த எண்ணில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் கோட்டையிலும் இருக்கக் கூடாது, எந்தக் குடும்பத்திடமும் இருக்கக் கூடாது. காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அரசு கேபிளின் ஒயரும் மக்கள் பணத்தில் இழுத்ததுதான். அதன் சேனல் வரிசையை ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதி வெளியிடும் ஒரு தனி அமைப்பிடம் ஒப்படைக்க மாநில அரசு முன்வர வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் ஓர் அரசாணையில் தொடங்கலாம். அதுவரை அரசை விமர்சித்த ஒரு சேனல் காலையில் பெட்டியைப் போட்டதும் காணாமல் போனால், ஏன் என்று கேட்டுப் பதில் வாங்க ஒரு முகவரிகூடப் பார்வையாளருக்கு இல்லை.