யந்திரத்தின் மேல் விழுந்த பழி

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1959 முதல் 1964 வரை ஒளிபரப்பாகி, விஞ்ஞானக் கற்பனைத் தொடர்களுள் இன்றளவும் முன்னணியில் வைத்துப் பேசப்படும் ‘த ட்விலைட் சோன்’ தொடரில், அதன் கர்த்தாவாகிய ராட் செர்லிங்கே எழுதி 1964 மே மாதம் வெளியான ‘த பிரெயின் சென்டர் அட் விப்பிள்ஸ்’ என்னும் அத்தியாயத்தை, ஒரு காலத்தில் பால்மரங்கள் நிரை நிரையாக நின்ற நெகிரி செம்பிலான் மண்ணில் எழும்பியிருக்கும் ஒரு தாமான் வீட்டில் அமர்ந்து பார்த்தேன். பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷங்களுக்கு மேல் மரம் வெட்டிய என் அத்தை பக்கத்தில் இருந்தார்; ஆங்கிலம் அறியாத அவருக்கு நானே துபாஷி.

கதை எளியது. தொழிற்சாலை அதிபர் விப்பிள், 61,000 பேரின் வேலையை விழுங்கிவிடும் யந்திரம் ஒன்றை நிறுவுகிறார். பல்லாண்டு உழைத்த மேற்பார்வையாளர் மன்றாடிப் பார்த்தும் பயனின்றி, ஆத்திரத்தில் யந்திரத்தை உடைக்கப் புகுந்து, விப்பிள் கையாலேயே சுடப்பட்டுக் காயமுறுகிறார். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். முடிவில் விப்பிளும் நீக்கப்பட, அவர் ஆசனத்தில் ஒரு ரோபோ அமர்ந்து, அவரைப் போலவே சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது.

படம் முடியுமுன்பே, “இது நம் தோட்டத்துக் கதைதான், அத்தை” என்று சொல்லிவிட்டேன். அந்நியன் எழுதிய கற்பனையில் சொந்தச் சரித்திரத்தைப் பொருத்திப் பார்க்கும் இவ்வழக்கம் நம்மிடையே சாமான்யமானது. ஆதலால் அதன் குணதோஷங்களைச் சற்று நிதானமாக எடைபோடுவது தகும்.

குணம் முதலில். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் துயரம் நம் வீடுகளில் பெரும்பாலும் பேசப்படாமலே மடிந்துபோகும். லயத்தையும் கோயிலையும் ஆயாக்கொட்டகையையும் இழந்தவர்கள் அதை விதியென்று விழுங்கிக்கொண்டார்கள். அந்த மௌனத்தைக் குலைக்க ஒரு தூரதேசக் கதை உதவுமாயின் அதை உபகாரமென்றே கொள்ள வேண்டும். அந்த மேற்பார்வையாளர் வெறிச்சோடிய ஆலையில் நின்றபோது, அத்தை ஒருவரும் கேளாமலே, கடைசிப் பெரட்டுக்குப் பிறகு கங்காணி எங்கே போவதென்று தெரியாமல் நின்ற காலைப்பொழுதை வர்ணித்தார். அதுவரை அதை நான் கேட்டதே இல்லை.

தோஷத்தை எடுத்துக்காட்டியவரும் அவரே. “ஏம்பா, நம்ம தோட்டத்துல எந்த மெசினு வந்து மரம் வெட்டுச்சு?” என்றார்.

உள்ளிருக்கும் மரம் காயப்படாதபடி பட்டையை மெல்லிய சீவலாக எடுத்துப் பாலை மங்குக்கு இறக்கும் அந்த நுட்பமான வேலையை முற்றாக ஏற்கும் யந்திரம் எதுவும் நம் தீம்பார்களில் நிலைகொண்டதில்லை. பட்டையில் மருந்து தடவிப் பாலைத் தூண்டும் முறை வந்து வெட்டு நாட்களைக் குறைத்ததே விஞ்ஞானம் இதில் ஏற்க வேண்டிய பங்கு. மற்றவை மனிதரின் தீர்மானங்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டன. அதற்கு மாற்றாகத் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கவே 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிறகு, குறைந்த ஆட்களே போதுமான செம்பனை, ரப்பரின் இடத்தைப் பிடித்தது. செம்பனைக் குலை வெட்டக் குத்தகைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். நகரை அடுத்த நிலங்கள் வீடமைப்புக்குப் போயின. பெருந்தொற்றால் 2020-இல் எல்லைகள் மூடப்பட்டபோது செம்பனைத் தோட்டங்கள் ஆளின்றித் தவித்தன. யந்திரம் இன்னும் மனிதனின் இடத்தைப் பிடித்துவிடவில்லை என்பதற்கு இதனினும் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுவதில்லை.

ஆகவே, கதையில் நம்மைக் கண்ட நான் வேதனையைச் சரியாகவே அடையாளம் கண்டேன், குற்றவாளியைத்தான் மாற்றிவிட்டேன். செர்லிங்கின் மேல் இக்குறையை முழுவதும் சுமத்துவது நியாயமன்று. யந்திரத்தை வரவழைத்தவர் ஒரு மனிதரே என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அதிபரையும் ரோபோவுக்குப் பலியாக்கும் அவருடைய முடிவு, கலைக்கு அழகு சேர்த்த அளவுக்கு உண்மைக்கு உதவவில்லை. கொடுமை இழைத்தவன் அதே கொடுமையால் வீழ்வான் என்ற ஆறுதல் பார்வையாளனுக்குத் திருப்தியளித்து, அவன் கேட்க வேண்டிய கேள்விகளை அவிழ்த்துவிடாமல் முடிச்சிட்டுவிடுகிறது. நம் தோட்டங்களை விற்றவர்களின் ஆசனத்தில் எந்த ரோபோவும் வந்து அமரவில்லை.

கற்பனையில் நம்மைத் தேடுவதை நிறுத்த வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அது வாயைத் திறக்க வைக்கும் சாவி. ஆனால் திறந்த வாய் சொல்வதை எழுதிவைக்காவிட்டால், சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருப்பதோடு நம் ரசனை நின்றுவிடும். பகாவிலும் ரந்தாவிலும் லாபுவிலும் போர்ட்டிக்சனிலும் மரம் வெட்டிய கைகள் சில இன்னும் நம்மிடையே உள்ளன. எந்தத் தோட்டம் எந்த ஆண்டு கைமாறியது, யார் கையொப்பமிட்டார், லயத்தை விட்டுப் போனவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு, இந்த வருஷமே எழுதிவைத்துவிடுங்கள்.