உறுதி யார் பேரில்?

ஊர்ச் சங்கம் ஒன்றுக்கு இணையத்தளம் கட்ட விக்ஸ், புளொக்கர், சொந்த ஹொஸ்டிங்கில் வேர்ட்பிரஸ்: மூன்றையும் செட்டிபாளையத்தில் இருந்து மூன்று வாரம் பாவித்துப் பார்த்ததில் கண்டவை

எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றுக்கு முன்பு அழகான இணையத்தளம் இருந்தது. இப்போது அந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. அதைக் கட்டிய தம்பி வெளிநாடு போய்விட்டார். டொமைன் பெயர் அவருடைய பழைய மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல்கள் யாரும் திறக்காத பெட்டிக்குள் கிடந்தன. கெடு முடிந்தது. கூடுதல் காசு கட்டி மீட்பதற்குக் கிடைக்கும் 30 நாளும் போனது. பெயர் மறுபடி விலைக்கு வந்தபோது யாரோ வாங்கிவிட்டார். அந்தத் தளத்தில் இருந்த பழைய திருவிழாப் படங்களும், காலமாகிவிட்ட கூத்து அண்ணாவிமாரின் படங்களும் இன்று எவரிடமும் இல்லை.

புதிதாக ஒன்றைக் கட்டித் தரும்படி சங்கத்தார் என்னிடம் கேட்டார்கள். எந்தச் செயலி, என்ன நிறம், எவ்வளவு செலவு என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்க, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்த முறை இது ஆர்ர பேரில கிடக்கப்போகுது மனே?"

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் மூன்று வழிகளையும் சோதித்தேன். ஒரே பன்னிரண்டு கட்டுரைகள், ஒரே நாற்பது படங்கள், ஒரே மடிக்கணினி, ஒரே டொங்கிள்.

குத்தகை வயலும் வாடகை அறையும்

'சொந்த ஹொஸ்டிங்' என்றதும் வீட்டில் ஒரு கணினியை இரவு பகலாக ஓட விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் செய்யலாம், ஆனால் 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். இங்கே நான் சொல்வது வேறு. ஒரு நிறுவனத்தின் சேர்வரில் இடத்தை வருடக் கணக்கில் எடுத்து, அதில் நாமே ஒரு மென்பொருளை நிறுவி நடத்துவது.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் குத்தகைக்கு வயல் செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். நிலம் போடியாருடையது. விதைநெல் செய்கிறவருடையது. ஒத்துவரவில்லை என்றால் அடுத்த போகம் வேறு வயலுக்குப் போகலாம், விதைநெல்லும் கூடவே வரும். சொந்த ஹொஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் நடத்துவது இப்படித்தான். 2003 மே 27ஆம் திகதி முதல் பதிப்பு வெளிவந்த வேர்ட்பிரஸ் ஒரு கட்டற்ற மென்பொருள். யாரும் இலவசமாக எடுக்கலாம், எந்த சேர்வரிலும் போடலாம்.

விக்ஸ் போன்றவை தளபாடம் எல்லாம் போட்ட வாடகை அறை. மென்பொருள், சேர்வர், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கதிரை மேசை நன்றாக இருக்கும். வெளிக்கிடும்போது உங்கள் உடுப்புப் பெட்டியை மட்டும்தான் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுவோம். வேர்ட்பிரஸ் டொட் கொம் என்பது ஓட்டோமட்டிக் நிறுவனம் நடத்தும் வாடகைச் சேவை. வேர்ட்பிரஸ் டொட் ஓர்க்கில் கிடைப்பது நாமே நிறுவும் மென்பொருள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றென்று நினைத்துக் காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

முதல் நாள்

முதல் நாளில் வாடகை அறைக்கே வெற்றி. விக்ஸில் ஒரு மாலைக்குள் முகப்புப் பக்கம் எழுந்துவிட்டது. படத்தைப் பிடித்து இழுத்து விட்ட இடத்தில் இருக்கிறது. கணினி தெரியாத சங்கச் செயலாளரே பத்து நிமிடத்தில் ஒரு அறிவித்தலைப் போட்டார். இலவசத் திட்டத்தில் விக்ஸின் பெயர் முகவரியிலும் அவர்களுடைய விளம்பரம் பக்கத்திலும் நிற்கும். அவற்றை எடுக்க மாதக் கட்டணம் வேண்டும். தொடக்கத்தில் தெரிவு செய்த வார்ப்புருவை நடுவழியில் மாற்றவும் வழியில்லை, புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

புளொக்கர் 1999இல் பிறந்தது, 2003இல் கூகுளிடம் போனது. தமிழ் வலைப்பதிவுகளின் முதல் தலைமுறை பெரும்பாலும் அங்கேதான் எழுதப் பழகியது. இன்றைக்கும் இலவசம், நமது டொமைனையும் காசில்லாமல் பொருத்தலாம். தோற்றம் பழசு. ஆனால் செய்தி, படம், திகதி என்ற மூன்றும் போதுமென்றால் அதற்கு மேல் தேவையில்லை.

வேர்ட்பிரஸுக்கு இரண்டு மாலை பிடித்தது. ஹொஸ்டிங் எடுத்து, டொமைனை அதோடு இணைத்து, நிறுவும் பொத்தானை அழுத்துவது வரை கடினமில்லை. முகவரிக்கு முன்னால் பூட்டுக்குறி வருவதற்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. தோற்றத்தைத் தெரிவு செய்வதிலும் தேவையற்ற பிளகின்களைக் கழிப்பதிலும்தான் நேரம் போனது. நிறுவும்போது மொழிப் பட்டியலில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனியே இருப்பதைப் பார்த்தபோது மனதுக்கு இதமாக இருந்தது.

தமிழ் எப்படி நிற்கிறது?

எந்த ஆங்கில விமர்சனமும் சொல்லாத இரண்டு விடயங்களை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பாமினி. சங்கத்தின் பழைய மலர்க் கட்டுரைகள் அச்சகத்தில் இருந்து பாமினி எழுத்துருவில் வந்தன. அதை அப்படியே ஒட்டினால் எந்தத் தளத்திலும் தமிழ் வராது. 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யுனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கவும் வேண்டும். மூன்று தளத்துக்கும் இது பொது. ஆனால் இந்த வேலையை ஒருமுறை செய்து யுனிகோடுப் பிரதியைத் தனியே வைத்துக்கொண்டால், பிறகு எந்தத் தளத்துக்குப் போனாலும் அதுதான் உங்கள் விதைநெல்.

இரண்டாவது, முகவரி. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் தலைப்பில் இருந்தே அதன் முகவரியை உருவாக்கும். அதற்கு 200 எழுத்துதான் இடம். ஆங்கிலத் தலைப்புக்கு அது தாராளம். தமிழிலோ யுனிகோடுக் குறியீடு ஒவ்வொன்றும் உள்ளே சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். 'செட்டிபாளையம்' என்ற எங்கள் ஊர்ப் பெயரில் மெய்யும் கொம்பும் புள்ளியுமாக 13 குறியீடுகள். அதற்கே 117 எழுத்துப் போய்விடும். வைகாசிச் சடங்கைப் பற்றி 'செட்டிபாளையம் கண்ணகை அம்மன் குளிர்த்தி' என்று தலைப்பிட்டால் முகவரி 'செட்டிபாளையம்-கண்ணகை-அம்' என்பதோடு வெட்டுப்படும். எண்ணிப் பார்த்தால் சரியாக 200. அம்மன் பாதியில் நிற்பாள், குளிர்த்தி வராது. பதிவு பழுதாகாது, திறக்கும். ஆனால் அதை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது சதவீதக் குறிகள் நிறைந்த ஒரு முழ நீளக் கயிறாகப் போகும். பெரியவர்கள் அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து தொடுவதில்லை. தீர்வு எளிது. தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு சொல்லும் வருடமும் கைப்பட எழுதுங்கள். வெளியிடுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

வெளியேறும் சோதனை

மூன்றாவது வாரம் மூன்று தளத்தில் இருந்தும் குடிபெயர்ந்து பார்த்தேன். தெரிவைத் தீர்மானித்தது இந்த வாரம்தான்.

விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி இன்னொரு சேர்வரில் வைக்க வழியில்லை. அது அவர்களுடைய சேர்வரில் மட்டுமே ஓடும். கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தேன், படங்களைத் தரவிறக்கினேன். பன்னிரண்டு கட்டுரைக்கு ஒரு மாலை. பத்து வருடத்தில் இருநூறு கட்டுரை சேர்ந்த பிறகு இந்த வேலையை யார் செய்வார்?

புளொக்கரில் இருந்து எல்லாப் பதிவுகளும் ஒரே கோப்பாக வந்தன. வேர்ட்பிரஸ் அதை உள்வாங்கியது. ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. அந்தக் கோப்பில் எழுத்து இருக்கும். படம் இருக்காது, படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். வேர்ட்பிரஸின் சொந்த ஏற்றுமதிக் கோப்பும் அப்படித்தான். பழைய தளம் உயிரோடு இருக்கும்போதே புதிய தளம் போய்ப் படங்களை எடுத்துவர வேண்டும். கோப்பு கையில் இருக்கிறது என்ற துணிவில் பழைய கணக்கை முதலில் மூடினால் படங்கள் போய்விடும். புதிய தளத்தில் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்து முடித்த பிறகுதான் பழையதைத் தொடுங்கள்.

சொந்த ஹொஸ்டிங்கில் இரண்டு பொருட்கள்தான்: கோப்புகள் இருக்கும் அடைவு, எழுத்துகள் இருக்கும் தரவுத்தளம். இரண்டையும் இறக்கி வேறொரு நிறுவனத்தின் சேர்வரில் ஏற்றினேன். மூன்று மணித்தியாலத்தில் அதே தளம், அதே முகவரி, ஒரு படமும் குறையவில்லை.

இது கற்பனைப் பயமல்ல. ஜியோசிட்டிஸ் ஒரு காலத்தில் உலகின் பெரிய இலவசக் குடியிருப்பு, தமிழ்ப் பக்கங்கள் பலவும் அங்கே இருந்தன. 1999இல் யாஹூ வாங்கியது, 2009 ஒக்டோபரில் மூடியது. சிறு கடைகளுக்குக் கூகுள் இலவசமாகக் கொடுத்த ஒற்றைப் பக்கத் தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. மறுபக்கம் நூலகம் திட்டத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகம் விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளைத் தானே நிறுவி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் இன்றுவரை திறந்து வைத்திருக்கிறது. காப்பதே நோக்கமாக இருப்பவர்கள் எந்த வழியில் போனார்கள் என்பது எனக்குப் பெரிய பாடம்.

காசும் கவனமும்

வாடகைச் சேவைகள் பெரும்பாலும் மாதாமாதம் டொலரில் வாங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மாதம் 10 டொலர்ச் சேவை ஒன்றுக்கு 2,000 ரூபாய் கட்டிய சங்கம், எதுவும் கூடுதலாகப் பெறாமலே 3,600 கட்ட வேண்டி வந்திருக்கும். சொந்த ஹொஸ்டிங்கை உள்நாட்டு நிறுவனங்களிடம் ரூபாயிலேயே எடுக்கலாம். டொட் எல்கே டொமைனுக்கும் ரூபாயில்தான் கட்டணம். ஒரு எச்சரிக்கை: முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். நான் முன்பு எடுத்த ஓரிடத்தில் இரண்டாம் வருடம் விலை இரு மடங்கானது. புதுப்பிக்கும் விலை என்னவென்று எழுத்தில் கேளுங்கள்.

சொந்த ஹொஸ்டிங்குக்குக் காசை விடக் கவனம்தான் கூடுதலாக வேண்டும். வேர்ட்பிரஸில் திருடர் நுழைவது பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட பிளகின் வழியாக. காசு கட்ட வேண்டிய தீம்களின் களவுப் பிரதி இலவசமாகக் கிடைக்கிறதே என்று போட்டால் நாமே வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. வாரம் ஒருமுறை அரை மணித்தியாலம் இருந்து புதுப்பித்தல்களைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால், காவலில்லாத வயலை விட வாடகை அறை பாதுகாப்பானது. இதை மனதாரச் சொல்கிறேன்.

மூன்று வழியிலும் பிரதி எடுப்பது நம் வேலை. அதே சேர்வரில் இருக்கும் பிரதி பிரதியல்ல. ஒன்று மடிக்கணினியில், ஒன்று வேறொரு வீட்டில் பென் டிரைவில். 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் சுனாமியும் கண்ட கரை இது. ஒரே வீட்டில் வைத்தவை ஒரே நாளில் போகும் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

யாருக்கு எது?

வருடத்துக்கு நாலு அறிவித்தல், கடையின் விலாசம், திறக்கும் நேரம் போதுமென்றால் விக்ஸ் போன்ற வாடகைச் சேவை சரி. எழுத்தும் படமும் வேண்டும், பராமரிக்க ஆளில்லை, காசும் இல்லை என்றால் சொந்த டொமைனோடு புளொக்கர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுமதிக் கோப்பும் படங்களும் இறக்கி வையுங்கள். ஊரின் நினைவைச் சேர்த்து வைக்கப் போகிறீர்கள், பொறுப்பெடுக்க இரண்டு பேராவது இருக்கிறார்கள் என்றால் சொந்த ஹொஸ்டிங்கில் வேர்ட்பிரஸ். ஒருவர் போனாலும் மற்றவர் இருப்பார் என்பதற்காகத்தான் இரண்டு பேர்.

எதை எடுத்தாலும் டொமைன் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். டொமைன்தான் உறுதி. அது கையில் இருந்தால் எந்தச் சேவையை விட்டு எங்கே போனாலும் ஆட்கள் அதே முகவரிக்கு வருவார்கள்.

எங்கள் சங்கத்துக்கு உயர்தரம் முடித்த இரண்டு பிள்ளைகள் முன்வந்தார்கள், ஆகவே வேர்ட்பிரஸ். டொமைன் புதுப்பிப்பு இனி வருடாந்தப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயம். கடவுச்சொற்கள், ஹொஸ்டிங் கணக்கு, கெடு முடியும் திகதி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, கவரில் ஒட்டி, சங்க அலுமாரியில் வங்கிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அதிபர் அந்தக் கவரை வாங்கிப் பார்த்தார். மேலே எழுதியிருந்த சங்கத்தின் பெயரை ஒருமுறை வாசித்தார். பிறகு அவர்தான் அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் செயலாளரிடம் கொடுத்தார்.