சிங்கமும் இரு கோடுகளும்

கவிதையும் நாவலும் நாடகமும் மாத்திரமே விமர்சனத்துக்கு உரியன என்று எண்ணுவார் நம்மிடையே பலர். ஒரு தேசத்தின் கொடியும் இலச்சினையுங்கூட மனிதர் கூடியிருந்து இயற்றிய ஆக்கங்களே. அவற்றுக்கும் ஆசிரியர் உண்டு, மூலபாடம் உண்டு, பதிப்பும் திருத்தமும் உண்டு, ஏற்க மறுத்தோரின் குரலும் உண்டு. ஆண்டுதோறும் பெப்ரவரி 4ஆந் திகதி நம் மாணவர் வணங்கி நிற்கும் கொடியை ஒரு நூலைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்துப் பார்ப்பது அவமதிப்பாகாது. படியாமல் வணங்குவதே அறிவுக்குப் பொருந்தாத செயல்.

சின்னம் வகுத்துக்கொள்ளும் கலை தமிழர்க்குப் புதியதன்று. சேரர்க்கு வில்லும் பனையும், பாண்டியர்க்குக் கயலும் வேம்பும், சோழர்க்குப் புலியும் ஆத்தியும் உரியனவாயிருந்தன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியையும் 'சேது' என்னும் சொல்லையும் தம் நாணயங்களிற் பொறித்தனர். இச்சின்னங்களின் பயன் என்ன? போர்க்களத்திலே தன்னவன் யார், மாற்றான் யார் என்று காட்டுவதே அவற்றின் முதற் பயன். ஆயினும் சங்கப் புலவர் கோவூர் கிழார் அதே சின்னத்தை வேறொரு பயனுக்கு ஆண்டார். உறையூரை நலங்கிள்ளி முற்றியிருந்தபோது, உள்ளே அடைத்திருந்தவனாகிய நெடுங்கிள்ளியும் சோழனே. இருவர் தலையிலும் இருப்பது ஆத்திக் கண்ணிதான். எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்று அவர் இடித்துரைத்தார். பிரிப்பதற்கு எழுந்த சின்னத்தை இணைப்பதற்குச் சான்றாக்கிய அப்புலவரின் பார்வையே, நாம் கொடியைப் படிப்பதற்குரிய அளவுகோலாதல் வேண்டும்.

அலவத்துகொடையில் வாழும் நமக்குப் பழைய கொடிகளைக் காணத் தூரதேசம் போகவேண்டியதில்லை. அக்குறணையையும் கட்டுகஸ்தோட்டையையும் கடந்து கண்டி நகர் சென்றால், எசல பெரஹராவிலே சவுக்கடிப்போர்க்கும் தீப்பந்தக்காரர்க்கும் பின்னால் கொடி தூக்குவோர் வரிசையாக வருவதைக் காணலாம். கண்டி இராச்சியத்தின் மாகாணங்களுக்கும் கோயில்களுக்கும் உரிய கொடிகள் அவை. நாலு கோறளைக்குச் சூரிய சந்திரர், ஊவாவுக்கு அன்னம், இவ்வாறு ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஒரு சின்னம் இருந்தது. மன்னராட்சி மறைந்து இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும், பிரதானிகளின் உடை தரித்து, பழைய படிமுறை வழுவாது நடைபெறும் இவ்வூர்வலம் மத்திய காலத்தை மீள நடித்துக் காட்டும் பெருங்கூத்து எனலாம்.

ஆனால் இதனைக் கலப்பற்ற தொன்மை என்று கொள்வோர் ஏமாறுவர். தலதா மாளிகையின் பெரஹரா முன்னணிக்கு வந்தது கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், சீயத்திலிருந்து வந்த பிக்குகளின் வருகைக்குப் பிறகு என்பது வரலாறு. அம்மன்னனோ 1739இல் கண்டியில் ஆட்சி தொடங்கிய நாயக்கர் மரபினன். உடன் செல்லும் நான்கு தேவாலயப் பெரஹராக்களுள் ஒன்று பத்தினி தெய்வத்துக்குரியது. அவள் நம் கண்ணகியே. மற்றொன்று கதிர்காமக் கந்தனுக்குரியது. பழைமை என்று நாம் போற்றுவது பல கைகள் சேர்ந்து நெய்த துணி என்பதை இந்த ஊர்வலமே நமக்குக் கற்பிக்கின்றது.

இக்கொடிகளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து நூல் செய்தவர் ஈ. டபிள்யூ. பெரேரா. சிங்களக் கொடிகளையும் விருதுகளையும் பற்றிய அவர் ஆய்வு 1916ஆம் ஆண்டு கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்தது. 1815இல் கண்டி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கவர்ந்து சென்ற கொடிகளை இலண்டனில் செல்சி மருத்துவமனையிலே தேடிக் காண்பதற்கு வழிவகுத்தவரும் அவரே. அந்நியன் கொள்ளைப் பொருளாக வைத்திருந்ததை மீட்டு, அடிமைப்பட்டோர்க்கும் ஓர் அரசியல் நினைவு உண்டு என்று நிறுவியது பெரும்பணி. அதனை நாம் குறைத்து மதிப்பிட மாட்டோம். ஆனால் அந்நூல் சேகரித்தது அரசர், திசாவைமார், கோயில்கள் ஆகியோரின் கொடிகளையே. வயல் உழுதவனுக்கும் இராஜகாரியத்துக்குக் கூலியின்றி உழைத்தவனுக்கும் அங்கே கொடி இல்லை. அது நூலாசிரியரின் குற்றமன்று, அச்சமுதாயத்தின் குணம். ஒரு மன்னனின் விருதை எடுத்து மக்களின் கொடியாக்க முனைவோர் மறக்கக்கூடாத உண்மை இது.

1948 சனவரியில், சிங்கக் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாகக் கொள்ளவேண்டும் என்று பாராளுமன்றத்திலே பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. முன்மொழிந்தவர் ஒரு முஸ்லிம். கொடிக்குரிய இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனோ தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன். வேலூர்ச் சிறையில் 1832இல் மாண்டவன். இந்தச் சிங்கத்தைத் தனியோர் இனத்தின் இரத்தத்துக்கு உரிமையாக்குவதற்கு வரலாறு இடந்தரவில்லை.

பின்னர் ஒரு குழு அமைக்கப்பட்டது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமை தாங்கினார். ஜோன் கொத்தலாவல, ஜே. ஆர். ஜயவர்த்தன, டி. பி. ஜாயா, லலித ராஜபக்ஷ, ஜீ. ஜீ. பொன்னம்பலம், செனற்சபை உறுப்பினர் எஸ். நடேசன் ஆகியோர் அங்கம் வகித்தனர். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான செயலாளராயிருந்தார். 1950இல் அறிக்கை வந்தது. 1951இல் பாராளுமன்றம் அதனை ஏற்றது. வாளேந்திய சிங்கம் நிற்கும் கருஞ்சிவப்புப் பரப்பு ஒரு கட்டத்துள் அடங்கியது. அதன் பக்கத்தில், கொடிக்கம்பத்தை ஒட்டினாற்போல, முஸ்லிம்களுக்குப் பச்சையும் தமிழர்க்குச் செம்மஞ்சளுமாக இரு கோடுகள் சேர்க்கப்பட்டன. இம்முடிவுக்கு நடேசன் இணங்கவில்லை.

இந்த ஆக்கத்தைக் கலைக்கண் கொண்டு நோக்குவோம். சிங்கத்தைச் சூழ ஒரு மஞ்சட் கரை ஓடுகின்றது. அக்கரை கோடுகளையும் தனியே சுற்றி, இரண்டையும் சிங்கத்தின் பரப்பினின்றும் பிரிக்கின்றது. ஆதரிப்போர், இருவரையும் ஒரே மஞ்சட் கரை அணைத்துக்கொள்கின்றது என்பர். அவ்வாறும் படிக்கலாம். ஆயினும் கட்டத்துக்குள்ளே நிற்பது உரிமை, கட்டத்துக்கு வெளியே நிற்பது சலுகை என்னும் வாசகமும் அதே வரைவில் எழுதப்பட்டிருக்கின்றது. கோடுகளைக் கத்தரித்துவிட்டாலும் எஞ்சியது ஒரு முழுக்கொடியாகவே நிற்கும். உறுப்பொன்றை அகற்றினால் உருச் சிதையவேண்டும். அதுவே நல்ல ஆக்கத்தின் இலக்கணம். இக்கொடியிலே அந்த இலக்கணம் பிழைத்துவிட்டது.

குழு கூடியிருந்த காலத்தையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. தமிழர்க்கென்று ஒரு கோடு தீட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், நம் குன்றுகளில் தேயிலைக் கொழுந்து பறித்த தமிழர் குடிமக்கள் பட்டியலிலிருந்தே அழிக்கப்பட்டனர். அவர்தம் பிரதிநிதி எவரும் அக்குழுவில் இல்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கு போட்டது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. செம்மஞ்சட் கோடு எவரைக் குறிக்கின்றது என்னும் கேள்வி ஐம்பத்தைந்து ஆண்டுகள் விடையின்றிக் கிடந்தது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன் தரும். அமெரிக்காவிலே பேர்க்லி நகரில் 1966இல் தொடங்கிய 'சொசைட்டி ஃபோர் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' என்றொரு கழகம் உண்டு. மத்திய கால ஐரோப்பிய வாழ்க்கையைப் பொழுதுபோக்காக மீள நடிப்போர் அதன் உறுப்பினர். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குலச்சின்னம் வகுத்து, படமும் சொல்விளக்கமுமாக விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ளலாம். விண்ணப்பம் படிப்படியாக மேற்செல்லும். நிறங்கள் தூரத்திலும் துலங்குமா, முன்னரே பதிவானவற்றோடு முரணுமா, பிறரைப் புண்படுத்துமா என்றெல்லாம் சின்ன வல்லார் வாதிப்பர். முடிவுகள் மாதந்தோறும் வெளியாகும். ஏற்காதவை காரணம் கூறித் திருப்பியனுப்பப்படும். திருத்தி மீண்டும் அனுப்பலாம், மேன்முறையீடும் செய்யலாம். சுவஸ்திகம் அங்கே பதிவாகாது. அது மானிடர்க்கு இழைத்த கொடுமை அத்தகையது.

ஓய்வும் வசதியும் உள்ளோரின் விளையாட்டு இது. பிரபுத்துவத்தின் துயரை விட்டு அதன் பட்டாடையை மாத்திரம் உடுத்துப் பார்க்கும் கனவும் இதில் உண்டு. இக்குறைகளை நாம் மறைக்கவில்லை. ஆனால் பிறரை ஊறு செய்யுமா என்ற கேள்வியை விதியாகவே எழுதிவைத்து, காரணம் காட்டி, திருத்துவதற்கு வழியும் திறந்துவைக்கும் நெறி ஒரு விளையாட்டுக்கே இன்றியமையாததாயின், கோடிக்கணக்கானோர் தலைமேல் பறக்கும் கொடிக்கு அது எவ்வளவு இன்றியமையாதது!

திருத்தம் வந்தது, ஆனால் எத்திசையில் வந்தது? 1972 மே 22ஆந் திகதி குடியரசு பிறந்தது. கொடியின் நான்கு மூலைகளிலும் அரசிலைகள் அமைந்தன. அவ்வாண்டின் புதிய அரச இலச்சினையிலே சிங்கத்தின் மேல் தர்மசக்கரம் ஏறிற்று. கீழே நெல் நிறைந்த பூரண கும்பமும் இருபுறமும் சூரிய சந்திரரும் இடம்பெற்றன. நெற்கதிர் உழைப்பின் சின்னம். அதனை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் அதே அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்கியதையும், அதனை ஆக்குவதில் தலைமை வகித்தவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா என்பதையும், இடதுசாரிகள் அவ்வரசாங்கத்தின் பங்காளிகள் என்பதையும் முற்போக்காளர் மறைத்தல் கூடாது. தேயிலைக் கொழுந்துக்கு அந்த இலச்சினையில் இடமில்லாமற் போனது ஏன் என்று கேட்கவேண்டியவர்கள் அன்று அமைச்சர் ஆசனங்களில் இருந்தனர். பிறர் பிழையைச் சுட்டும் விரல் நம் அணியையும் சுட்டாவிடில் அது விமர்சனமாகாது.

ஆக்கத்தின் குறை வாழ்விலே எவ்வாறு வெளிப்பட்டது என்பதை அண்மைக் காலம் காட்டிவிட்டது. பச்சையும் செம்மஞ்சளும் நீக்கிய சிங்கக் கொடிகள் இனவாதக் கூட்டங்களிலே தோன்றின. அவ்வினவாதம் விதைத்த பகையே 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாவதற்கு வழிகோலிற்று. கோடுகள் எளிதில் கழற்றத்தக்கனவாயிருந்தமையால் மாத்திரம் தீ மூண்டது என்று நாம் கூறவில்லை. நிலமும் வேலையும் வியாபாரமும் பற்றிய போட்டியை இனப்பகையாகத் திருப்பிவிட்டோர் உளர். அவர்தம் கைக்கு ஏற்ற கருவியாக அந்த வரைவு அமைந்துவிட்டது என்பதே நம் குற்றச்சாட்டு.

இனி ஆசிரியர் செய்யத்தக்கது யாது? நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது, ஒவ்வோர் இல்லத்துப் பிள்ளைகளும் கொடியும் சின்னமும் வரைகின்றனர். பெரும்பாலும் புலி, சிங்கம், கழுகு என்று வேட்டையாடும் விலங்குகளே வருகின்றன. அவ்வேளையில் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்போம். இச்சின்னம் யாருடைய உழைப்பைக் காட்டுகின்றது? இல்லத்தில் உள்ள எவரேனும் இதில் தம்மைக் காணமுடியாது போவாரா? அவ்வாறாயின் எதனை மாற்றலாம்? வரைந்ததைச் சுவரில் ஒட்டி, காரணம் கூறி வாதிட்டு, திருத்தி, எல்லோரும் ஒப்பும்வரை மீள வரையட்டும்.

இச்சிறு பயிற்சி கொடியை மாற்றிவிடாது. ஆனால் ஒரு சின்னம் வானத்திலிருந்து விழுந்ததன்று, மனிதர் செய்தது, மனிதரே அதனைச் செப்பஞ் செய்யலாம் என்னும் தெளிவு பிள்ளைகளுக்கு உண்டாகும். கொழுந்துக் கூடையும் ஏர்முனையும் வலையும் ஒரே பரப்பில் இடம்பெறும் கொடியொன்றை வரைய வல்ல தலைமுறை அவ்வகுப்பறைகளிலிருந்துதான் எழவேண்டும். அதற்கு வண்ணமும் தாளும் எடுத்துக் கொடுப்பது நம் கடன்.