மேகம் மூடிய நாளின் வீடுகள்

பழைய கட்டடங்களைப் படமெடுக்கப் புறப்படுவோர் பெரும்பாலும் நல்ல வெயிலைத் தேடுவர். ஜெர்மனி நாட்டின் பெர்ண்ட் பெக்கரும் (1931–2007) அவர்தம் துணைவியார் ஹில்லாவும் (1934–2015) வெயிலை விலக்கியவர்கள். மரங்கள் இலை உதிர்த்து, வானம் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடக்கும் குளிர்ந்த நாட்களே அவர்களுக்கு உகந்தவை. இலை மறைக்காது, நிழல் விழாது. கருவிகளை வோல்க்ஸ்வாகன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்கள்.

இந்தப் பயணத்தின் தொடக்கமே ஓர் இழப்புத்தான். பெர்ண்ட், தாம் பிறந்த சீகர்லாண்டுப் பகுதியின் சுரங்கக் கட்டடம் ஒன்றை 1957-ஆம் ஆண்டு வாக்கில் வரைய முற்பட்டார். அவர் வரைந்து முடிக்குமுன்னே அதனை இடித்துக்கொண்டிருந்தார்கள். கையின் வேகம் போதாதென்று கண்டே அவர் புகைப்படத்தை நாடினார். 1959 முதல் இருவரும் இணைந்து பணியாற்றினர். அவ்வட்டாரத்து மரச்சட்ட வீடுகளைப் பற்றிய அவர்களது நூல் 1977-இல் வெளிவந்தது.

அந்நூலைப் புரட்டுவோர்க்கு முதலில் தோன்றுவது சலிப்பு என்பதை மறைப்பானேன்? வெண்சுவர், கரிய மரச்சட்டம், கூரை. அடுத்த பக்கத்திலும் அவையே. ஆனால் பத்துப் பக்கம் கடந்தபின் கண் பழகிவிடுகிறது. ஒரு வீட்டில் குறுக்குச் சட்டம் சாய்ந்திருக்கிறது. மற்றொன்றில் மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தைக் கருங்கல் பலகைகள் மூடியிருக்கின்றன. எந்த வீடும் வெளிச்சத்தால் உயர்த்தப்படவில்லை, நிழலால் தாழ்த்தப்படவுமில்லை. ஏழைத் தொழிலாளியின் குடிலுக்கு இத்தகைய சமநோக்கு எளிதில் கிட்டுவதன்று. வெனிஸ் பன்னாட்டுக் கலைக்காட்சி 1990-இல் இவர்களுக்குச் சிற்பத்திற்கான பரிசை வழங்கியது. புகைப்படத்திற்குச் சிற்பப் பரிசு என்பது விந்தைதான், ஆயினும் பொருத்தமே.

எனினும் நம் உள்ளத்தை உறுத்தும் வினா ஒன்று உண்டு. இப்படங்களில் மனிதர் எங்கே? பெரிய அளவு ஃபிலிம் தாளில், நுண்ணிய துளை வழியே, நெடுநேரம் ஒளி புகவிட்டு எடுத்த படங்கள் இவை. நடந்து போகும் ஒருவர் அதில் தடமின்றி மறைந்துவிடலாம். ஆனால் கருவியின் மீது மட்டும் பழி போடுவதற்கில்லை. ஆளில்லாமையைக் கலைஞர்களே தேர்ந்துகொண்டனர். படத்தின் கீழே ஊர், தெரு, வீட்டு எண் உண்டு. குடியிருந்தவர் பெயர் இல்லை.

அமெரிக்க எழுத்தாளர் ரைட் மோரிஸ் 1946-இல் ‘தி இன்ஹாபிட்டன்ட்ஸ்’, அதாவது ‘குடியிருப்போர்’, என்னும் படநூலை வெளியிட்டார். அவரும் ஆட்களைக் காட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் எதிர்ப்பக்கத்திலும் தம் உரைநடையை வைத்தார். வீடுகள் பேசத் தொடங்கின. சில இடங்களில் சொல் மிகுந்து படத்தை மூடிவிடுகிறது என்பதும் நம் கருத்து.

பெக்கர் இணையரின் மௌனத்தை அன்பின்மை என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. அம்மௌனம் உடையும் இடம் ஒன்றுண்டு. சீகர்லாண்டு இரும்பு உருக்கும் நாடு. உலைகளுக்குக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். ஆகவே 1790-ஆம் ஆண்டின் ஆணையொன்று, வீடு கட்டத் தேவைக்கு மிஞ்சிய மரத்தைப் பயன்படுத்தலாகாதெனத் தடுத்தது. அலங்காரச் செதுக்கலும் வளைவுச் சட்டங்களும் அதனால் அருகின. நாம் எளிமையின் அழகு என்று வியக்கும் அந்தக் கட்டங்கள், உலை எடுத்துக்கொண்டது போக எஞ்சிய மரத்தின் கணக்கு! இதை அறிந்தபின் அப்படங்களைப் பார்ப்போர்க்கு ஒவ்வொரு சட்டமும் அங்கு உழைத்தவரின் கையைக் காட்டும். அறியாதார்க்கு அவை வெறும் கோலங்களாகவே நின்றுவிடக்கூடும். ஒரு நூற்றாண்டு உழைப்பைக் காட்டும் படத்திற்குத் தெருப்பெயரும் வீட்டு எண்ணும் போதா என்றே நாம் கருதுகிறோம்.

இனி இந்நூலைக் கையிலெடுப்போர் சுவர்களைப் பார்த்து முடித்தபின் சன்னல்களையும் சற்று உற்று நோக்குவாராக. பலவற்றில் வெண்ணிறத் திரைச்சீலைகள் தொங்குகின்றன.