வேர்டின் 'ரிமூவ்' பொத்தான் எதை நீக்குகிறது?

மைக்ரோசாஃப்ட் வேர்டில் வேண்டாத ஆட்-இன் ஒன்றை எடுப்பது எப்படி என்று தேடினால் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய் டிக்கை எடு. போகலையா, ரிஜிஸ்ட்ரியில் அழி. அப்பவும் நிக்குதா, நார்மல் டெம்ப்ளேட்டை அழி. அதுக்கும் மசியலைன்னா ஆஃபீஸையே கழட்டிட்டு மறுபடி போடு. படிப்படியாகக் கத்தி பெரிதாகிக்கொண்டே போகிறதே தவிர, வெட்ட வேண்டியது எது என்று ஒரு குறிப்பும் முதலில் கேட்பதில்லை.

இந்தக் குறிப்புகளை எழுதுகிறவர்கள் மனதில் வைத்திருக்கும் வாசகர், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிற, எல்லாக் கோப்பும் கிளவுடில் இருக்கிற ஓர் ஆபீஸ்காரர். சேலத்தில் கோர்ட்டைச் சுற்றியிருக்கும் ஜாப் டைப்பிங் கடையின் கணினி அப்படி இருக்காது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கொட்டேஷன் அடிக்கிற கணினியும் அப்படி இருக்காது. பிடிஎஃப் ஆக்கும் மென்பொருளின் பட்டை, பழைய தமிழ் தட்டச்சுத் தொகுப்பின் பட்டை, ஸ்கேனரோடு வந்தது, இலவச அகராதியோடு வந்தது என்று வேர்டின் தலையில் ஒரு மூட்டை இருக்கும். திறக்கவே நேரம் பிடிக்கும். ஆனாலும் கைவைக்க மாட்டார்கள். "எடுத்தா பழைய ஃபைல் எல்லாம் போயிருங்க" என்பார்கள். இந்தப் பயத்தில் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்பதைத்தான் குறிப்புகள் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் வேர்டின் வடிவமைப்பைப் பார்ப்போம். 'ஆட்-இன்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு ஜீவராசிகளை அது அடைத்து வைத்திருக்கிறது. காம் ஆட்-இன் என்பது ஆஃபீஸ் 2000-இல் வந்த வகை. இது விண்டோஸில் நிறுவப்படும் ஒரு நிரல், இதன் முகவரி ரிஜிஸ்ட்ரியில் இருக்கும். அடுத்தது டெம்ப்ளேட் வகை. இது மேக்ரோ உள்ள ஒரு கோப்பு, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் கிடந்தாலே போதும், வேர்டு திறக்கும்போதெல்லாம் ஏறிக்கொள்ளும். மூன்றாவது, ஸ்டோரிலிருந்து வரும் இணைய வகை. மூன்றையும் எடுக்கும் வழிகள் வேறு வேறு. ஆட்-இன்ஸ் பக்கத்தின் அடியில் 'மேனேஜ்' என்று ஒரு சின்னக் கீழிறங்கு பட்டியலும், பக்கத்தில் 'கோ' என்ற பொத்தானும் இருக்கின்றன. மேலே பெரிய பட்டியலில் பெயரைச் சொடுக்கினால் விவரம் காட்டும், வேறொன்றும் நடக்காது. வேலை நடக்கும் இடம் அந்தக் கீழ் மூலை. அங்கே சரியான வகையைத் தேர்ந்தெடுத்தால்தான் சரியான ஜன்னல் திறக்கும். இணைய வகையோ அந்த ஜன்னல்களிலும் சிக்காது, அதை 'மை ஆட்-இன்ஸ்' என்ற வேறோர் இடத்தில் போய் எடுக்க வேண்டும்.

சரி, ஜன்னல் திறந்துவிட்டது, 'ரிமூவ்' பொத்தானும் இருக்கிறது. காம் வகைக்கு அது செய்வது, நினைவகத்திலிருந்து இறக்கி, பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது. நிரல் கோப்பு வட்டில் அப்படியே இருக்கும். டிக்கை மட்டும் எடுத்தால் பெயர் பட்டியலில் நிற்கும், அடுத்த முறை ஏறாது. இதற்கு ரிஜிஸ்ட்ரியில் 'லோட்பிஹேவியர்' என்று ஓர் எண் உண்டு. 3 என்றால் திறக்கும்போதே ஏறு, 2 என்றால் ஏறாதே. தாய் மென்பொருள் தன்னை அப்டேட் செய்யும்போது இந்த 2-ஐ மறுபடி 3 ஆக்கிக்கொள்ள முடியும். 'எடுத்தேன், திரும்ப வந்திருச்சு' என்பதற்கு பல நேரம் வைரஸ் காரணமில்லை, இதுதான் காரணம்.

டெம்ப்ளேட் வகையில் கூத்து இன்னும் அதிகம். ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலிருந்து ஏறிய கோப்பைத் தேர்ந்தெடுத்தால் 'ரிமூவ்' பொத்தான் மங்கிவிடும். ஏன் மங்கியது என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. டிக்கை எடுக்கலாம், அன்றைக்கு மட்டும் போகும், மறுநாள் வேர்டு திறந்தால் வந்து நிற்கும். செய்ய வேண்டியது என்னவோ ரொம்ப எளிது: வேர்டை மூடிவிட்டு, அந்தக் கோப்பை ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலிருந்து வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். ஆனால் ஸ்டார்ட்அப் ஃபோல்டர் ஒன்றல்ல. பயனருக்கு ஒன்று, அது விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள் இருக்கிறது. ஆஃபீஸ் நிறுவப்பட்ட இடத்தில் இன்னொன்று. 25 வருஷத்துக்கு மேல் ஆன ஒரு மென்பொருளில் இதைச் சொல்ல ஒரு வரிக்கு இடமில்லாமல் போனதைச் சோம்பல் என்றுதான் சொல்ல முடிகிறது.

எல்லாப் பயனர்களுக்குமாக நிறுவப்பட்ட காம் ஆட்-இன்னில் டிக்கை எடுக்கப் போனால், 'ஹெச்கீ லோக்கல் மெஷினில் பதிவானதன் நிலையை மாற்ற முடியாது' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அதாவது அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். உள்ளே வந்தபோது ஸ்கேனர் மென்பொருளுக்குக் கொடுத்த ஒரே 'யெஸ்'ஸில் இதுவும் சேர்ந்து வந்துவிட்டது. போகும்போது மட்டும் தனி அனுமதிச் சீட்டு! இதற்குப் பல குறிப்புகள் சொல்லும் வழி, வேர்டை வலது சொடுக்கி 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறப்பது. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காத அறிவுரை. நம்பாத ஒரு நிரலை வெளியேற்றுவதற்காக, அதே நிரலை முழு உரிமையோடு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறது. விண்டோஸின் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய்த் தாய் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்வதுதான் நேர்வழி. அங்கே இல்லாவிட்டால் மட்டும் ரிஜிஸ்ட்ரி. அதிலும் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு பிறகே கை வைக்க வேண்டும். இந்தப் பதிவு ஆஃபீஸ் > வேர்ட் > ஆட்இன்ஸ் என்ற பாதையில், பதிப்பு எண் இல்லாமல் இருக்கும். 16.0 என்ற கிளைக்குள் தேடி 'இல்லையே' என்று திரும்புகிறவர்கள் நிறைய.

வேகம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். காம் ஆட்-இன் பயனருக்குள்ள அத்தனை உரிமையோடும் ஓடுகிறது, திறந்திருக்கும் டாக்குமென்ட் முழுவதையும் படிக்க அதனால் முடியும். டைப்பிங் கடைக் கணினியில் அந்த டாக்குமென்ட் என்பது யாரோ ஒருவருடைய கிரயப் பத்திரம், ஆதார் எண், குடும்ப வழக்கின் மனு. அதனால் 'கிடந்துட்டுப் போகுது' என்று விடவும் முடியாது.

இனி, நார்மல் டெம்ப்ளேட்டை அழிக்கச் சொல்வது. 1995-இல் வந்த கான்செப்ட் வைரஸும் 1999-இன் மெலிஸாவும் இந்தக் கோப்பைத் தொற்றியவை. அந்தக் காலத்து வைத்தியம் இன்னும் பழக்கத்தில் ஓடுகிறது. அழித்தால் வேர்டு புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பழையதில் இருந்த ஸ்டைல்கள், மேக்ரோக்கள், மாற்றி வைத்த குறுக்கு விசைகள், ஆட்டோடெக்ஸ்ட் எல்லாம் கண்ணில் படாமல் போகும். மனுவின் தலைப்பகுதியை மூன்றெழுத்து அடித்து வரவழைக்கிற டைப்பிஸ்டுக்கு அது பல வருஷச் சேமிப்பு. பெயரை மாற்றி வைத்தாலே அதே சோதனை நடந்துவிடும். பயனில்லை என்றால் பழைய பெயரையே திரும்பக் கொடுத்துவிடலாம்.

பழைய ஃபைல் பயத்துக்கு வருகிறேன். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்ற 8-பிட் குறியாக்கங்களைத் தரமாக ஏற்றது. 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் ஏற்றது. இடைப்பட்ட காலத்திலும் பிறகும் பாமினி, வானவில் என்று அவரவர் ஃபான்ட்டில் அடித்தவை கடைகளில் மலைபோல் கிடக்கின்றன. பாமினியில் 'அம்மா' என்று அடித்த கோப்பில் உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். ஃபான்ட்தான் அதற்குத் தமிழ் முகம் தருகிறது, ஆட்-இன் அல்ல. ஆகவே ஆட்-இன்னை எடுத்தால் எழுத்து போகாது, பயத்தின் அந்தப் பாதி தவறு. ஆனால் தட்டச்சுத் தொகுப்பை அன்இன்ஸ்டால் செய்தால் அது தன்னோடு வந்த ஃபான்ட்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். அப்போது கோப்பு முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அதுதான் சரியான பாதி. தகவல் அழியவில்லை, ஃபான்ட்டைத் திரும்பப் போட்டால் தமிழ் வந்துவிடும். எனவே அன்இன்ஸ்டாலுக்கு முன் விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஃபான்ட் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்து வைப்பது கட்டாயம். நான் பார்த்த எந்தக் குறிப்பிலும் இந்த வரி இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்டை இந்த டைப்பிஸ்டுகள் அணைத்தே வைத்திருப்பார்கள். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. பிரச்சினை தீர என்று புது விண்டோஸ் கணக்கில் வேர்டைத் திறந்தால், அது மறுபடி இயங்கி, வாக்கியத் தொடக்கத்து 'அம்மா'வை 'ஆம்மா' ஆக்கிவிடும். உடனே 'ஃபான்ட் கெட்டுப்போச்சு' என்று இன்னொரு தேடல் ஆரம்பமாகும்.

ஒப்பிட்டுப் பார்க்க லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. அதன் எக்ஸ்டென்ஷன்கள் ஒரே ஜன்னலில் வரிசையாக நிற்கும். பயனர் போட்டதை அங்கேயே எடுக்கலாம், எடுத்தால் போய்விடும். சேஃப் மோடும் ஹெல்ப் மெனுவிலேயே இருக்கிறது. வேர்டிலும் சேஃப் மோடு உண்டு, கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். அது யாருக்குத் தெரியும்? உண்மையில் எல்லாக் குறிப்பும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சேஃப் மோடில் வேகம் சரியானால் குற்றவாளி ஆட்-இன் பக்கம், சரியாகாவிட்டால் வேறெங்கோ. ஆட்-இன் பக்கம் என்றால் ஒவ்வொன்றாக டிக்கை எடுத்து, மூடித் திறந்து பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். அதுவரை எதையும் அழிக்கத் தேவையே இல்லை.

பழைய தொகுப்பை நிரந்தரமாக விட நினைப்பவர்கள் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவார்கள். வெறும் உரையாக ஒட்டி மாற்றும்போது மாற்றிக்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது. பத்திரத்தின் நடுவிலுள்ள பான் எண்ணையும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும். அந்த இடங்களைப் பழைய நகலோடு கண்ணால் ஒப்பிட்டு முடிக்கும்வரை பழைய கோப்பும் ஃபான்ட்டும் இருக்கட்டும்.