பழைய சலவை இயந்திரமும் புதிய நட்சத்திரங்களும்

"பழைய மெஷின் கரண்டைக் குடிக்கும், மாற்றிவிடுங்கள்." மின்சாதனக் கடைகளில் இந்த அறிவுரையைக் கேட்காதவர் அரிது. 2019ஆம் ஆண்டு எரிசக்தித் திறன் செயலகம் சலவை இயந்திரங்களுக்கும் நட்சத்திரக் குறியீட்டை அறிமுகப்படுத்திய பின், இதற்கு அரசு முத்திரையே கிடைத்துவிட்டது போலாயிற்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த இரட்டைத் தொட்டி இயந்திரத்தை வைத்திருப்பவர்கள், தாங்கள் மின்சாரத்தை வீணாக்குவதாகவே எண்ணுகின்றனர். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வாதத்தைச் சோதித்துப் பார்ப்போம்.

துவைக்கும் மோட்டாருக்கு 350 வாட், பிழியும் மோட்டாருக்கு 150 வாட் எனக் கொள்வோம். உங்கள் இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் வேறு எண் இருந்தால் அதையே போட்டுக்கொள்ளலாம். 15 நிமிடம் துவைத்து 5 நிமிடம் பிழிந்தால் ஆகும் செலவு 0.1 யூனிட். ஆண்டுக்கு 200 முறை துவைத்தால் 20 யூனிட். புதிய இயந்திரம் இதில் மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்துவதாகவே வைத்துக்கொண்டாலும், யூனிட் 8 ரூபாய் வீதம் மிச்சமாவது ஆண்டுக்கு 53 ரூபாய்தான்! இதற்காகவா பல ஆயிரம் ரூபாயைச் செலவழிப்பது?

அப்படியானால் இவ்வாதம் எப்படிப் பிறந்தது? குளிர்பதனப் பெட்டிக்கு இது பொருந்தும். அது இரவும் பகலும் இயங்குவது. வெந்நீரில் துவைக்கும் ஐரோப்பிய வீடுகளுக்கும் பொருந்தும். 15 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க 1,890 கிலோஜூல், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். நாம் மேலே கணக்கிட்ட மோட்டார் செலவைப்போல் இது ஐந்து மடங்கு. குழாய்த் தண்ணீரில் துவைப்பவருக்கு இந்தச் செலவே இல்லை. ஹீட்டர் உள்ள இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதை வாங்கிய அன்று வைத்த சூட்டிலேயே விட்டிருந்தால், குமிழைத் திருப்பினால் போதும். இயந்திரத்தை மாற்ற வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. மேலே மூடியுள்ள முழுத் தானியங்கி இயந்திரங்கள் பல, ஒரு சலவைக்கு 100 லிட்டருக்கு மேல் எடுக்கின்றன. முன்பக்கக் கதவுள்ளவற்றுக்கு ஏறக்குறைய அதில் பாதி போதும். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இது சிறிய விஷயமன்று. ஆனால் இரட்டைத் தொட்டியில், வெள்ளைத் துணி துவைத்த சோப்பு நீரிலேயே அடுத்துச் சாயத் துணியையும் போடுகிறார்களே, அந்தச் சிக்கனம் எந்த அட்டையிலும் ஏறுவதில்லை.

இனி, பழுதுக்கு வருவோம். சென்ற ஆண்டு எங்கள் வீட்டு இயந்திரம் 'உம்' என்று முனகியதே தவிரச் சுற்றவில்லை. பார்க்க வந்தவர், மோட்டார் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார். ஒருமுனை மின்சாரம் ஒரு சுருளில் பாயும்போது காந்தப் புலம் கூடிக் குறையுமேயன்றிச் சுழலாது. இரண்டாவது சுருளில் பாயும் மின்னோட்டத்தைக் கட்டத்தால் விலக்கி, புலத்தைச் சுழலச் செய்வது ஒரு மின்தேக்கி. கடைகளில் கெப்பாசிட்டர் என்பார்கள். அது வலுவிழந்தால் மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடித்தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், தடையின்றிச் சுழன்றது. சிக்கிய துணியோ தேய்ந்த தாங்கியோ காரணமன்று என்பது தெளிவாயிற்று. மின்தேக்கியை மாற்றியதும் இயந்திரம் ஓடிற்று. செலவு சில நூறு ரூபாய். (மின்தேக்கியை நீங்களே தொட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.)

ஆகவே, உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதே முதற்கேள்வி. நட்சத்திர அட்டையின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் என்று சொல்லும் அட்டை, எத்தனை ஆண்டுகளுக்குப் பாகங்கள் கிடைக்கும், தொட்டியைக் கழற்றித் தாங்கியை மாற்ற முடியுமா என்று சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதி, சலவை இயந்திரத்தின் முக்கியப் பாகங்கள் குறைந்தது 10 ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்கிறது. பிரான்சில் அதே ஆண்டு, முன்பக்கக் கதவுள்ள இயந்திரங்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணே இடத் தொடங்கினார்கள். இங்கு 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அந்த உரிமை அட்டையில் இடம்பெறாதவரை, வாங்குபவர் கண்ணில் படுவது நட்சத்திரம் மட்டுமே.

எப்போது மாற்றலாம்? தொட்டி விரிசல் விட்டு, நீர் மோட்டார்மீது சொட்டும்போது மாற்றலாம். பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்த பின்னும் சுழற்சி நிற்காமல், பிரேக்கையும் சரிசெய்ய இயலாதபோதும் மாற்றலாம். உடலைத் தொட்டால் 'ஷாக்' அடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். எர்த் இணைப்பைச் சோதித்து, மின்கசிவு எங்கே என்று கண்டு சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள். புதிது வாங்கத்தான் வேண்டுமென்றால், நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன், டைமரும் வடிகால் வால்வும் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.